நின்றுபோன மிக்சி



இன்றைய பேச்சு ஒரு மிக்சியைப் பற்றியது. மிக்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு வீட்டின் பிழைப்பே அதில் அடங்கியிருக்கலாம்.

மும்பையில் தாராவி என்ற பகுதி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து, அதிலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலர் வீட்டிலேயே இட்லி சுட்டு, சைக்கிளில் வைத்துத் தெருத் தெருவாக விற்கிறார்கள். ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டாலே இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று மும்பைக்காரர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு வீடு. ஒரே அறை, மேலே ஒரு பரண். மாமியார், மகன், மருமகள், மகனுடைய தம்பி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். காலை 3 மணிக்கு அடுப்பு எரியும். ஒரு பக்கம் இட்லி வேகும். மறுபக்கம் மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைபடும். 6 மணிக்கு இரண்டு சைக்கிளும் கிளம்பிவிடும்.

ஒரு நாள் விடியற்காலை மிக்சியிலிருந்து கருகிய வாடை வந்தது. மிக்சி நின்றுபோனது. இட்லி தயார். சட்னி இல்லை.

மாமியார் பரணுக்குக் கீழே கிடந்த அம்மியைக் கழுவிப் போட்டார். அறுபது வயதைத் தாண்டியவர். ஆறேழு தேங்காயை அரைத்து முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சைக்கிள்கள் நேரம் கழித்துக் கிளம்பின. ஆபீசுக்குப் போகிறவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். பாதி இட்லி திரும்பி வந்தது.

"நடைபாதைக் கடையில் மலிவாக ஒரு மிக்சி வாங்கிவிடலாம்" என்றார் மகன். "கொஞ்சம் பொறுங்கள். முதலில் பழையதைப் பார்ப்போம்" என்றார் மருமகள். அவர் இரண்டு வருடம் முன்புதான் இரவு வகுப்பில் படிக்கக் கற்றவர்.

மிக்சி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது என்ன? அதே பிளக்கில் வேறு ஏதாவது மாட்டி, கரண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கவிழ்க்க வேண்டும். பல மிக்சிகளில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் அது தானே வெளியே வந்து மிக்சியை நிறுத்திவிடும். சூடு ஆறிய பிறகு அதை அமுக்கினால் மிக்சி மறுபடி ஓடும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றவில்லையா? ஜாரின் அடியில் உள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். அதை மாற்ற அதிகச் செலவாகாது. இவை தெரியாமல் நல்ல மிக்சியைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

இந்த வீட்டு மிக்சியில் பொத்தானை அமுக்கியும் பயனில்லை. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்தார். காயில் எரிந்திருந்தது. ஒன்பது வருட மிக்சி. ஜார்களும் தேய்ந்துவிட்டன. எல்லாம் சேர்த்துப் புது மிக்சி விலையில் பாதிக்கு மேல் கேட்டார். பழைய பொருளுக்கு அவ்வளவு செலவு செய்வதைவிடப் புதியது வாங்குவதே மேல்.

ஏன் எரிந்தது? மிக்சியின் அடியிலேயே பதில் எழுதியிருந்தது. 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் நிறுத்த வேண்டும். அவசரத்தில் அவர்கள் நிறுத்தாமல் ஓட்டினார்கள். மருமகள் அந்த வரியை அன்றுதான் படித்தார்.

மிக்சி எரிவது புதிய கதை அல்ல. 1960-களில் இதே பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயர் இருந்தார். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த வெளிநாட்டு மிக்சி நம் நாட்டுச் சமையலுக்குத் தாங்காமல் எரிந்துபோனது. ரிப்பேர் செய்ய வழியில்லை. உளுந்தும் தேங்காயும் அரைக்கும்படி பலமான மோட்டார் வைத்து மாத்தூர் மிக்சி செய்தார். அதுதான் சுமீத் மிக்சி. ஆக, எந்த வேலைக்கு எந்த இயந்திரம் என்பதுதான் முக்கியம்.

மறுநாள் குடும்பம் கடைக்குப் போனது. ஒரு மிக்சியைக் கடைக்காரர் புகழ்ந்தார். மருமகள் கேரண்டி அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் கேரண்டி கிடையாது" என்று இருந்தது. தினமும் இத்தனை தேங்காய் அரைக்கும் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? சிறிய ஓட்டல்களுக்கென்று செய்த மிக்சியைக் காட்டச் சொன்னார். அது பலமானது. விலையும் அதிகம்.

மகன் தயங்கினார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேறு கட்ட வேண்டும். அப்போது மாமியார் சுருக்குப் பையை அவிழ்த்தார். ஊர்க் கொடைக்குப் போவதற்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

"அத்தே, அது ஊருக்குப் போக வச்ச பணமாச்சே" என்றார் மருமகள்.

"கொடைக்கு அடுத்த வருஷம் போய்க்கிடலாம். இனிமே என்னால அம்மியில உட்கார முடியாது தாயி" என்றார் மாமியார்.

"பில் வேண்டாமென்றால் விலை குறையும்" என்றார் கடைக்காரர். மருமகள் ஒப்பவில்லை. பில் வாங்கினார். கேரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போடச் சொன்னார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை. வரியும் அதற்குள் அடக்கம்.

பொருள் பழுதாக இருந்து, கடைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. "வியாபாரத்துக்கு வாங்கியது, சட்டம் உதவாது" என்று யாராவது சொல்வார்கள். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும்.

பழைய மிக்சியைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைத்தார். செம்புக் கம்பிக்காகச் சிலர் பழைய மோட்டாரை எரிப்பார்கள். அந்தப் புகை நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

இப்போது அந்த வீட்டில் மறுபடியும் 6 மணிக்குச் சைக்கிள் கிளம்புகிறது. மிக்சிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும், எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று மருமகள் தன் கையால் எழுதியது. மாமியாரும் இப்போது அந்த எண்களைப் படிக்கிறார்.

உங்கள் வீட்டு மிக்சியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? இன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.