ஊதியம் சமம், ஆட்டங்கள் சமமா?

(ஹைதராபாத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தேசிய அணிக்கு ஆடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்ட ஊதியம் இனி ஒன்றே என்று 2022 அக்டோபர் 27 அன்று இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. டெஸ்ட் ஆட்டத்திற்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்திற்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்திற்கு 3 லட்சம். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயின், அறிவிப்பு களத்தில் எவ்வாறு நடைமுறையாகிறது?

நாட்கூலியைச் சமமாக்கிவிட்டு, ஆணுக்குப் பதினைந்து நாள் வேலையும் பெண்ணுக்கு ஒரு நாள் வேலையும் கொடுத்தால், அதை எந்தத் தொழிற்சங்கமாவது சமத்துவம் என்று ஏற்குமா? 2024ஆம் ஆண்டில் ஆடவர் அணி 15 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடியது. மகளிர் அணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சென்னை சேப்பாக்கத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. அதில் 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்து, பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது நமது அணி. எல்லா டெஸ்டிலும் களமிறங்கும் ஆணின் ஆட்ட ஊதியம் 2 கோடியே 25 லட்சம். பெண்ணுக்கோ 15 லட்சம்.

இந்த அநீதி நெடுங்காலமாக நீடிப்பது. இந்நகரில் வளர்ந்த மிதாலி ராஜ், 1999இல் அறிமுகமாகி 2022இல் ஓய்வு பெறும்வரை ஆட முடிந்த டெஸ்ட் ஆட்டங்கள் 12 மட்டுமே. 2014 நவம்பருக்கும் 2021 ஜூனுக்கும் இடையே மகளிர் அணிக்கு ஒரு டெஸ்ட் கூட அமையவில்லை.

ஆட்ட ஊதியத்திற்கு அப்பால் ஆண்டு ஒப்பந்தம் உண்டு. 2024-25இல் ஆடவரின் உச்சத் தொகை 7 கோடி. மகளிருக்கு 50 லட்சம். இங்கே சமத்துவம் என்ற சொல்லே எழுவதில்லை. ஐபிஎல் அணி கொண்ட ஹைதராபாத்திற்கு, 2023இல் ஐந்து அணிகளுடன் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீகில் இடமில்லை.

மகளிர் ஆட்டத்திற்குச் சந்தை இல்லை என்பது வழக்கமான பதில். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நிரம்பி வழிந்த அரங்கில் உலகக் கோப்பையை வென்று, மகளிர் அணி அதற்கு மறுமொழி கூறிவிட்டது. ஆட்டமே நடத்தாமல் பார்வையாளர் இல்லை என்பது, விதைக்காமல் விளைச்சல் இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

ஆட்ட அட்டவணையை வகுப்பவர் யார் என்பதே அடிப்படைக் கேள்வி. 2023இல் ஜந்தர் மந்தரில் அமர்ந்த மல்யுத்த வீராங்கனைகளின் போராட்டம், ஆண்களின் பிடியிலுள்ள கூட்டமைப்புகளில் புகார் கூறவும் வழியற்ற நிலையை அம்பலப்படுத்தியது. 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையோ பதினைந்து வரை இருக்கலாம். நால்வரின் குரல் அலங்காரமாகிவிடாமல் காப்பது ஜனநாயக இயக்கங்களின் கடமை.

எனவே, கோரிக்கைகள் தெளிவானவை: மகளிர் டெஸ்ட் ஆட்டங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் உயர்த்தும் காலவரையறையுள்ள திட்டம், ஆண்டு ஒப்பந்தத்திலும் சமத்துவம், ஒவ்வொரு கூட்டமைப்பிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் புகார் குழு. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற முழக்கத்துடன் சம வேலைவாய்ப்பு என்ற முழக்கமும் ஒலிக்கட்டும்!