மலைச் சைக்கிளும் வீட்டுப் பட்டறையும்



உலகில் புதிய பொருள்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தோன்றுகின்றன. பெருந் தொழிற்சாலையில் வல்லுநர் பலர் கூடி ஆராய்ந்து, படம் வரைந்து, பணம் செலவிட்டு உருவாக்குவது ஒரு வழி. தமக்கு வேண்டிய பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காதபோது, கைக்கு எட்டிய பாகங்களைச் சேர்த்துத் தாமே செய்துகொள்வது மற்றொரு வழி. இன்று உலகெங்கும் ஓடுகின்ற ‘மவுண்டன் பைக்’ என்னும் மலைச் சைக்கிள் இந்த இரண்டாம் வழியில் பிறந்தது. அது பிறந்த வரலாற்றையும், அதன் பாகங்களைத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே கோத்து அமைக்கும் கலையையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மலைச் சைக்கிள் என்பது யாது? நீங்கள் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் சைக்கிளுக்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. ஆயினும் அதன் டயர் பருமனானது. மண்ணைப் பற்றிக்கொள்ளப் புடைப்புகள் உடையது. கைப்பிடி அகலமானது. செங்குத்தான ஏற்றத்தில் மிதிக்கத்தக்க பல்சக்கரங்களும், செங்குத்தான இறக்கத்தில் நிறுத்தத்தக்க பிரேக்குகளும் அதற்கு உண்டு. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் செல்வதற்கென்றே அமைந்த வண்டி அது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே டமால்பைஸ் என்ற மலையும், அதனை அடுத்துப் பல குன்றுகளும் உள்ளன. 1970-களில் அங்கு வாழ்ந்த இளைஞர் சிலர், காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகள் செல்வதற்காக அமைந்த மண் பாதைகளில் சைக்கிள் ஓட்ட விரும்பினர். அவர்களுள் பலர் பந்தயச் சைக்கிள் வீரர்கள். ஆனால் பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் அந்தக் கற்களுக்குத் தாங்காது. ஆகவே அவர்கள் பழம்பொருள் கடைகளையும் கொட்டில்களையும் தேடிச் சென்றனர். 1930-களிலும் 1940-களிலும் ஷ்வின் என்ற கம்பெனி சிறுவர்களுக்காகச் செய்த கனமான சைக்கிள்கள் அங்கே துருப்பிடித்துக் கிடந்தன. அந்தக் கம்பெனி 1933-இல் அமெரிக்காவில் பரவச் செய்த இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட பருமனுள்ள டயரே அவர்களுக்குத் தேவையாயிருந்தது. அந்தப் பழைய வண்டிகளை, ‘கிளங்கர்’, அதாவது ஓட்டை வண்டி என்று செல்லமாக அழைத்தார்கள்.

அந்த வண்டிகளில் கையால் பிடிக்கும் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளே பிரேக் பிடிக்கும். சமதரையில் அது போதும். மலைச்சரிவில் என்ன ஆகும்? பேர்பாக்ஸ் என்னும் ஊரின் அருகே பைன் மலையில் ஒரு பாதை இருக்கிறது. ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் அது 1,300 அடி, அதாவது சுமார் 400 மீட்டர் கீழிறங்குகிறது. இங்கே நீங்கள் வகுப்பில் கற்ற பௌதிகத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 95 கிலோகிராம் என்று கொள்வோம். 95-ஐ 9.8-ஆலும் 400-ஆலும் பெருக்கினால் சுமார் 3,72,000 ஜூல் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 3 லட்சம் ஜூலே போதும். இந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றும் தரையும் வாங்கிக்கொள்கின்றன. மீதி அனைத்தும் கைப்பிடி அளவே உள்ள அந்த ஹப்பில் வெப்பமாகச் சேர்கிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்து வெளியேறிவிடும். ஒரு முறை இறங்கினால், ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் நிரப்ப வேண்டும். மீண்டும் நிரப்புதல் என்னும் பொருள்படும் ‘ரீபேக்’ என்ற ஆங்கிலச் சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராய் அமைந்துவிட்டது.

1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி என்பவர் அதனை நடத்தினார். ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறார் என்று கணக்கிடும் பந்தயம் அது. பின்னர் நடந்த பந்தயங்களில் கேரி பிஷர் என்பவர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது யாரும் முறியடிக்காத சாதனையாக நின்றது. சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் அதிகம் என்றால், பிரேக்கின் அருமை உங்களுக்கு விளங்கும்.

வெறும் பந்தயமாக மட்டும் இருந்திருந்தால் அதனை நான் இங்கு எடுத்துப் பேசியிருக்க மாட்டேன். அந்தப் பாதை ஒரு பரீட்சை மண்டபமாயிற்று என்பதே நாம் கருத வேண்டியது. பிரேக் எரிகிறதா? இருவர் சேர்ந்து ஓட்டும் சைக்கிளுக்கான வலிய டிரம் பிரேக்கைப் பிஷர் தம் வண்டியில் பொருத்தினார். அதை இழுக்க மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி வந்து சேர்ந்தது. மலைமேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதா? பல பல்சக்கரங்களும், கைப்பிடியிலிருந்து விரல் எடுக்காமல் கியர் மாற்றும் கருவியும் வந்தன. இத்தகைய கியர் பொருத்திய கிளங்கர்களோடு குபர்டினோ என்னும் ஊரின் இளைஞர் சிலர் 1974 டிசம்பரிலேயே மரினில் நடந்த ஒரு போட்டிக்கு வந்திருந்தனர். ஆகவே இதனைக் கண்டுபிடித்தவர் இன்னார் ஒருவரே என்று சொல்வது பொருந்தாது. ஒரே தேவை பல கைகளை ஏவியது என்பதே சரி.

இவ்வளவும் சேர்த்த பின்னும் ஒரு குறை எஞ்சியது. பழைய பிரேம்கள் கனமானவை. இந்தக் கடும் உழைப்பில் வளைந்தன, முறிந்தன. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு இதற்கென்றே புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். பழைய ஷ்வின் வண்டியின் கோணங்களை அடியொற்றி, உறுதிக்காக இரண்டு மெல்லிய குழாய்களைக் கூடுதலாக இணைத்து, புதிய பாகங்களையே பூட்டினார். அத்தகைய வண்டிகள் பத்து செய்தார். அவற்றுள் முதலாவது இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிச்சி செய்த பிரேம்களைக் கொண்டு பிஷரும் கெல்லியும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு வாணிகம் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு என்ற கம்பெனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் வண்டியைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்வித்து விற்றது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பெற்றது. கொட்டிலிலிருந்து ஒலிம்பிக் அரங்கம்வரை இருபதே ஆண்டுகள்!

இந்த வரலாற்றிலிருந்து ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளின் ஒவ்வொரு பாகமும் பாதை கேட்கும் ஒரு கேள்விக்கு விடை. கேள்வியை அறியாமல் விடையை விலைகொடுத்து வாங்குவது வீண். பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலில் பிரேம். அது ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிற பாகங்களைப் பின்னர் மாற்றலாம். பிரேமை மாற்றினால் வண்டியே வேறாகிவிடும். அடுத்தது சக்கரம். 26 அங்குலம், 27.5 அங்குலம், 29 அங்குலம் என்று கடையில் சொல்லும் அளவுகள் தோராயமானவை. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் முறையே 559, 584, 622 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் பருமன். இரண்டாவது எண் இந்த விட்டம். இரண்டாவது எண் பொருந்தாவிடில் எவ்வளவு வலித்து இழுத்தாலும் டயர் ஏறாது.

மூன்றாவது பிரேக். நான்காவது கியர். கியர் என்பது எளிய வகுத்தற் கணக்கே. முன்னே 44 பல், பின்னே 18 பல், சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் செல்லும். மலைச் சைக்கிளில் முன்னே 22 பல், பின்னே 34 பல், சுற்றளவு 2.05 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.3 மீட்டரே செல்லும். தூரம் நான்கில் ஒரு பங்காகிறது. மிதிக்கும் பாரமும் அவ்வாறே குறைகிறது. இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்னே ஒரே பல்சக்கரமும் பின்னே 12 பல்சக்கரங்களும் உள்ளன. அவற்றுக்குரிய செயின் மெல்லியது; பழைய வண்டியின் செயினை அதில் பூட்ட முடியாது. ஆகவே கியர் மாற்றும் பிடி, செயின், பல்சக்கரம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று இசைந்த குடும்பமாகவே வாங்க வேண்டும். தனித்தனியே சிறந்த பாகங்கள் சேர்ந்தால் சிறந்த வண்டி ஆகிவிடும் என்று எண்ணுவது பிழை. நிறமும் பளபளப்பும் கடைசியில் பார்க்க வேண்டியவை.

வீட்டில் அமைக்கும் வேலைகளுள் மிகவும் சுவையானது சக்கரம் கட்டுதல். போக்ஸ் கம்பிகள் பாரத்தைக் கீழிருந்து தூண்போல் தாங்குகின்றன என்று பலர் நினைக்கின்றனர். ஒரு மெல்லிய கம்பியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள், உடனே வளைந்துவிடும். உண்மை என்னவென்றால், எல்லாக் கம்பிகளும் ஏற்கெனவே இறுக இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. பாரம் ஏறும்போது தரையை நோக்கியுள்ள கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது, அவ்வளவே. கம்பி தளர்ந்து தொங்காதவரை சக்கரம் உறுதியாக நிற்கும். எனவே எல்லாக் கம்பிகளும் போதிய இறுக்கத்தோடும், ஒரு பக்கத்தில் உள்ளவை ஒத்த இறுக்கத்தோடும் இருக்க வேண்டும். வீணையின் தந்தியைப் போல அவற்றைத் தட்டி ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ‘பெண்டு எடுத்தல்’ என்று சொல்லும் வேலை இதுவே. ஒரே முறையில் பலமாகத் திருகாமல், கால் சுற்று, அரைச் சுற்று எனப் பொறுமையாகத் திருக வேண்டும்.

மரையின் போக்கையும் அறிந்துகொள்ளுங்கள். வலப்புறப் பெடல் வழக்கம் போல வலஞ்சுழியாக இறுகும். இடப்புறப் பெடலின் மரை இடஞ்சுழியானது. மிதிக்கும்போது தானே கழன்றுவிடாமல் இருப்பதற்காக இவ்வாறு செய்திருக்கின்றனர். இதனை அறியாமல் பலமாகத் திருகுவோர் மரையைக் கெடுத்துக் கிராங்கையே வீணாக்குவர். சீட்டுத் தண்டில் ஒரு கோடு இருக்கும்; அந்தக் கோடு வெளியே தெரியும்படி தண்டை உயர்த்தலாகாது. டிஸ்க் பிரேக்கின் தட்டில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. திருகாணிகளை இத்தனை நியூட்டன்-மீட்டர் வரை இறுக்கலாம் என்று பாகத்தின் மேலேயே குறித்திருந்தால், அதற்குரிய ஸ்பேனரைக் கொண்டு அந்த அளவிலேயே நிறுத்துங்கள். தளர்ச்சி எவ்வளவு ஆபத்தோ, மிகுந்த இறுக்கமும் அவ்வளவு ஆபத்தே.

வண்டியை அமைத்து முடித்ததும் நேராக மலைக்குச் செல்ல வேண்டாம். சமதரையில் மெல்ல ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பலமுறை பிடித்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு நட்டையும் திரும்பச் சோதியுங்கள். புதிய கேபிள் சற்று நெகிழும். புதிய கம்பிகளும் படியும். தலைக்கவசம் இன்றி ஒரு முறைகூட இறங்காதீர்கள். வகுப்பறையில் கணக்குத் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். சரிவில் ஒரு நட்டுத் தவறினால் திருத்தி எழுத இடமிராது.

வீட்டில் அமைத்தால் பணம் மிச்சமாகுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆகாது. தொழிற்சாலை பாகங்களை மொத்தமாக வாங்குகிறது. நாம் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். மரின் இளைஞர்களைப் போலப் பழைய பாகங்களைத் தேடி எடுத்தால் செலவு குறையலாம். ஆனால் கிடைக்கும் இலாபம் வேறொன்று. எந்த ஒலி எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதைத் தானே அமைத்தவன் அறிவான். ஆள் அரவமற்ற பாதையில் செயின் அறுந்தால் அவன் கலங்கி நிற்கமாட்டான். பழுதானதைத் தூக்கி எறியாமல், எந்த உறுப்புப் பழுது என்று கண்டு அதை மட்டும் மாற்றுவான்.

இன்று நாம் கையாளும் கருவிகள் பலவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க இயலாது. சைக்கிளோ தன் எலும்பையும் நரம்பையும் மறைக்காமல் காட்டும் கருவி. நெம்புகோல், உராய்வு, இழுவிசை, பல்சக்கர விகிதம் என்று நீங்கள் புத்தகத்தில் படிக்கும் அனைத்தும் அதில் வெளிப்படையாக இயங்குகின்றன. மலைச் சைக்கிள் வாங்கும் வசதி உங்களில் பலருக்கு இல்லாமல் இருக்கலாம். அதனால் குறையொன்றுமில்லை. வீட்டில் நிற்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை அடுத்த விடுமுறை நாளில், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு கழற்றுங்கள். கழற்றிய பாகங்களை வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். பால்ரஸ்களை எண்ணித் துடைத்து, புதிய கிரீஸ் இட்டு, அதே வரிசையில் திரும்பப் பூட்டுங்கள். சக்கரம் தடையின்றிச் சுழல்வதைக் கண்டால், பைன் மலையில் ஹப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இளைஞர்களின் மகிழ்ச்சி என்னவென்று உங்களுக்கும் விளங்கும்.