வராத பறவையின் வருகைப் பதிவேடு



மார்கழி, தை மாதங்களில் வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து குடும்பத்தோடு வேடந்தாங்கலுக்குச் சென்று வருவோர் பலர். ஏரியின் நடுவே மரங்களில் வெண்மையாக அடர்ந்திருக்கும் பறவைகளைக் காட்டி, "இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தவை" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்பவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆயினும் மரக்கிளையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரையும், நத்தை குத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும் இந்நாட்டுப் பறவைகளே. தொலைவடக்கிலிருந்து வலசை வருபவை நீர்ப்பரப்பில் மிதக்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. பார்ப்போர் கண்கள் அவற்றின்மேல் நிற்பதில்லை.

சைபீரியக் கொக்கு என்னும் பெயருக்கு உண்மையில் உரிய பறவை ஒன்று உண்டு. அது வேடந்தாங்கலுக்கு வருவதன்று. இராஜஸ்தானத்தில் பரத்பூர் நகரை ஒட்டிய கேவலாதேவ் நீர்நிலைக்கே அது ஆண்டுதோறும் வந்தது. 2001-02ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்குப் பின் அங்கும் அது வரவில்லை. வராத பறவையின் பெயர் வேறு பறவைகளுக்கு வழங்கப்படுவதால், அது வராமற்போனதே பலருக்குத் தெரியாமற் போயிற்று.

அப்பறவையின் தோற்றத்தை முதலில் அறிய வேண்டும். ஏறத்தாழ நாலரை அடி உயரம், தூவெண்மை உடல், இறகில்லாத செந்நிற முகம், இளஞ்சிவப்புக் கால்கள். சிறகின் நுனி இறகுகள் கரியவை. நிற்கும்போது அக்கருமை மறைந்திருக்கும், பறக்கும்போதுதான் புலப்படும். இளம்பறவையின் உடலில் இலவங்கப்பட்டை நிறம் படர்ந்திருக்கும். சேற்றைத் துழாவிக் கோரைக் கிழங்கைத் தோண்டியெடுப்பதற்கென்றே அமைந்தது போன்ற நீண்ட அலகு. பதினேழாம் நூற்றாண்டில் ஜகாங்கீரின் அரசவை ஓவியர் மன்சூர் இப்பறவையை வரைந்திருக்கிறார். ஐரோப்பிய அறிவியலார் இதற்குப் பெயரிட்டது 1773ஆம் ஆண்டில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே இந்தியக் கண்ணொன்று இதனைக் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்துவிட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

கேவலாதேவ் இயற்கையாகத் தோன்றிய பெரிய ஏரியன்று. பரத்பூர் மன்னர்கள் அணை கட்டி நீரைத் திருப்பி, வாத்து வேட்டைக்காக விரிவாக்கிய ஆழமற்ற நீர்நிலை. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அங்குள்ள சிவன் கோயிலின் அருகே வேட்டைக் கணக்குகளைப் பொறித்த கற்கள் இன்றும் நிற்கின்றன. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு பங்கேற்ற வேட்டையில் வீழ்ந்த பறவைகள் 4,273 என்று ஒரு கணக்கு. பறவைகளை எண்ணும் பழக்கம் அந்த மண்ணில் இவ்வாறு தொடங்கியது என்பது கசப்பான செய்தி.

பிற்காலத்தில் எண்ணியவர்களின் நோக்கம் வேறு. சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் அங்குப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரவை ஆராய்ந்தனர். அமெரிக்காவில் கொக்கினங்களைக் காப்பதற்கென 1973இல் நிறுவனம் கண்ட இருவருள் ஒருவரான ரான் சாவே, பரத்பூரில் தங்கிச் சைபீரியக் கொக்குகளின் வாழ்வை ஆராய்ந்தார். இக்கொக்கைக் கணக்கெடுப்பதில் ஓர் எளிமை உண்டு. தாயும் தந்தையும் ஒரு குஞ்சுமாக ஒவ்வொரு குடும்பமும் நீர்நிலையில் தனக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். முட்டை இரண்டு இட்டாலும் வளர்வது பெரும்பாலும் ஒரு குஞ்சே. எனவே, இலவங்க நிறக் குஞ்சுகளை எண்ணினால், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேற்குச் சைபீரியச் சதுப்பில் அவ்வாண்டு இனப்பெருக்கம் எவ்வாறு நடந்தது என்பதைப் பரத்பூர் வரப்பில் நின்றே கணிக்கலாம்.

1964-65இல் அங்கு வந்தவை ஏறத்தாழ 200. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 1992-93இல் வந்தவை ஐந்து. அடுத்த இரண்டு குளிர்காலங்களில் ஒன்றுகூட வரவில்லை. 1996இல் சில மீண்டும் வந்தபோது, முடிந்தது என்று கருதியிருந்தோர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2001-02இல் வந்தது ஓர் இணை. இளவேனில் பிறந்ததும் அது வடக்கே கிளம்பிற்று. அதன்பின் அங்குள்ள பதிவுகளில் இப்பறவைக்கு நேரே சுழியமே நிற்கிறது.

ஏன் இவ்வாறு ஆயிற்று? பழி முழுவதையும் ஓரிடத்தில் சுமத்துதல் பொருந்தாது. கொக்குகளின் வழி ஆப்கானிஸ்தானத்தின் அபி இஸ்தாதா ஏரியையும் பாகிஸ்தானத்தின் மலைப்பள்ளத்தாக்குகளையும் கடந்தது. குர்ரம், பன்னு பகுதிகளில் கொக்கு பிடிப்பது நெடுங்கால வழக்கம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வானில் வீசி, பறக்கும் கொக்கைச் சுற்றி வீழ்த்துவர். 1979 முதல் ஆப்கானிஸ்தானத்தில் போர் மூண்டு, துப்பாக்கிகள் பெருகின. ஆயிரம் பறவைகளுள் பத்து வீழ்ந்தால் இனம் தாங்கும். முப்பதில் பத்து வீழ்ந்தால் தாங்காது.

பரத்பூரிலும் ஒரு தவறு நேர்ந்தது, அதுவும் நல்லெண்ணத்தால். 1982இல் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. ஊரார் எதிர்த்தனர், காவலர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. மேய்ச்சல் நின்றால் பறவைகள் செழிக்கும் என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால், எருமைகள் மேயாத நீரில் பாஸ்பாலம் என்னும் புல் தடையின்றிப் படர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. கொக்குகளுக்குக் கோரைக் கிழங்கு எட்டாமற் போயிற்று. இதைக் கண்டறிந்தது பம்பாய்க் கழகத்தினர் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து எழுதிய கணக்கு. எருமையைப் பகையென்று எண்ணியவர்களுக்கு எருமையின் பயனை உணர்த்தியது அந்தக் கணக்கேடுதான்.

அழிவைத் தடுக்க முயற்சிகளும் நடந்தன. வளர்ப்பிடங்களில் பொரித்த கொக்குகளைப் பரத்பூருக்குக் கொண்டுவந்து காட்டுக் கொக்குகளோடு பழகவிட்டனர். அவை மேய்ந்தன, நடந்தன. ஆனால், காட்டுக் கொக்குகள் வடக்கே புறப்பட்ட நாளில் உடன் செல்லவில்லை. கொக்கினத்தில் வலசை வழி பெற்றோரோடு பறந்து கற்கும் கல்வி. கற்பிப்போர் அற்றுப்போனால் வழியும் அற்றுப்போகிறது. 1996இல் ஈரானின் பெரைதுன்கெனார் வயல்வெளியில் குளிர்காலம் கழித்த கொக்கு ஒன்றுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினர். அது மேற்குச் சைபீரியாவின் தியூமென் பகுதிக்குச் சென்றதைக் கண்டு, ஈரானுக்கு வருபவை எங்கே கூடு கட்டுகின்றன என்பதை உலகம் அறிந்தது.

அந்த ஈரானியக் கூட்டமும் தேய்ந்து, இறுதியில் ஓர் ஆண்கொக்கே எஞ்சியது. அவ்வூரார் அதற்கு 'ஒமீத்' என்று பெயரிட்டனர். பாரசீகத்தில் 'நம்பிக்கை' என்பது பொருள். பதினைந்து குளிர்காலங்களுக்கு மேல் அது தனியாகவே வந்து சென்றது. 2023இல் பெல்ஜியத்தில் வளர்ந்த பெண்கொக்கு ஒன்றை அதனருகே விட்டனர். அதன் பெயர் 'ரோயா'. 'கனவு' என்பது பொருள்.

இவ்வினம் உலகிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் சீனத்தின் போயாங் ஏரியில் ஏறத்தாழ நூறு கொக்குகள் இருப்பதைச் சீன ஆய்வாளர் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் அங்கு எண்ணப்பட்டவை ஆயிரத்தைத் தாண்டின. இன்று எஞ்சியுள்ள பல ஆயிரம் கொக்குகளும் ஏறத்தாழ முழுமையாக அந்த ஒரே ஏரியைச் சார்ந்தே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஓர் ஏரி வற்றினால் ஓர் இனமே தவிக்கும் நிலை அது.

பரத்பூரில் மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுவோர் பறவைகளை நன்கறிந்த வழிகாட்டிகள். வெண்பறவை எதைக் கண்டாலும் "சைபீரியக் கொக்கா?" என்று வினவும் பயணிகளிடம், "இல்லை, அது வருவதில்லை" என்று உண்மையைச் சொல்வதும் அவர்கள் தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பொதுமக்களே பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். அதற்குப் புலமை வேண்டுவதில்லை. இடம், நாள், நேரம், கண்ட பறவை, எண்ணிக்கை ஆகியன போதும். ஐயம் இருப்பின் பெயரை எழுதாமல் விடுவதே முறை. சைபீரியக் கொக்கைப் பொறுத்தவரை, ஐயம் தீர்க்க எளிய வழி ஒன்றுண்டு: அதன் பின்விரல் சிறியது, உயரத்தில் அமைந்தது, கிளையைப் பற்ற உதவாது. அது மரத்தில் அமர்வதே இல்லை.