பெண்ணின் தலைத்துணிக்கு எஜமானன் யார்?

(மயிலாப்பூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "உடையும் அடக்கமும்" என்பதாகும். தியாகராய நகர் உஸ்மான் ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் துணி வாங்குகிறவர்களுக்கு உடை என்றால் விலையும் சாயமும் கரையும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. ஒரு பெண்ணின் உடம்பின் மேல் கிடக்கிற துணிக்கு எஜமானன் யார் என்பதைப் பற்றியே பேசப் போகிறேன்.

இக்காலத்தில் டெலிவிஷனிலும் பேஷன் மேடையிலும் பெண்களை நடக்கவிட்டுத் துணி விற்கிறார்கள். அந்த மேடைக்குத் தலையை மூடிய ஒரு பெண் வந்தார். ஹலீமா ஏடன் என்பது அவர் பெயர். சோமாலியப் பெற்றோருக்குக் கென்யா நாட்டிலுள்ள ககூமா அகதி முகாமில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். 2016-ம் வருஷம் மின்னசோட்டா மாகாண அழகிப் போட்டியில் ஹிஜாப் என்னும் தலைத்துணியோடு நின்றார். நீச்சலுடைச் சுற்றில் மற்றப் பெண்கள் வழக்கப்படி வர, இவர் உடம்பு முழுவதையும் மூடும் புர்கினி உடையில் வந்தார். அரை இறுதி வரையில் போனார். 2017-ல் பெரிய மாடல் கம்பெனியார் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். 2018-ல் பிரிட்டிஷ் வோக் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. மதக்காரர், "பார், எங்கள் அடக்கம் உலகத்தை ஜெயித்தது" என்றார். வியாபாரி, "பார், எங்கள் தாராளம்" என்றான்.

2020 நவம்பரில் அந்தப் பெண்ணே அத்தொழிலை விட்டு வெளியேறினார். தலைத்துணியை எடுக்கக் கூடாதென்று ஒப்பந்தம் செய்துகொண்டுங்கூட, படத்துக்குப் படம் அதன் உருவம் மாறியதாகவும், துணிக்குப் பதிலாக ஜீன்ஸ் கால்சட்டையையே தலையில் சுற்றினதாகவும், தன் கொள்கையைத் தானே விட்டுக்கொடுத்து வந்ததாகவும் வெளிப்படையாய்ச் சொன்னார். தோழர்களே, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கோடிக்கணக்கான முஸ்லிம் பெண்கள் துணி வாங்குகிறார்கள். அவர்களுக்கு விற்க ஒரு தலை வேண்டியிருந்தது. வியாபாரிக்கு வேண்டியது அந்தத் தலையே தவிர, அதற்குள் இருந்த மூளையல்ல.

நம் தேசத்திலும் பாருங்கள். 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. கலாசாரம் போய்விட்டது என்று கூச்சல் கிளம்பியது. நடத்தினவர்கள் என்ன செய்தார்கள்? நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவில் வைத்துக் கொண்டார்கள். ஒழுக்கம் கடல் தாண்டினால் கெடாது போலும்! 2013-ல் அதே போட்டி இந்தோனேஷியாவில் நடந்தபோது, அங்குள்ள மதக்காரரின் எதிர்ப்பைக் கண்டு பிகினி நீச்சலுடையையே எடுத்துவிட்டார்கள். உடுத்தச் சொன்னது ஒரு கூட்டம், அவிழ்க்கச் சொன்னது ஒரு கூட்டம். மேடையில் நின்ற பெண்களை இருவரும் கேட்கவில்லை.

"அடக்கம் என்பது பெண்ணுக்குப் பிறவிக் குணம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அப்படியானால் தெற்குத் திருவிதாங்கூரில் நடந்ததற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? இன்றைய கன்னியாகுமரி ஜில்லாப் பகுதியில், நாடார் பெண்கள் மேல்துணி போட்டதற்காகத் தெருவில் அடிக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலையில்தான் மேலுடம்பை மூடிக் கொள்ளலாம் என்று அரசர் விளம்பரம் செய்தார். அதிலும் மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை வேறு! 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள் மீது மேல்ஜாதியார் விதித்த எட்டுத் தடைகளில், அவர்களுடைய பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது என்பதும் ஒன்று. அன்றைக்கு மூடினால் குற்றம்; இன்றைக்குத் திறந்தால் குற்றம். ஆகவே அடக்கம் என்பது பெண்ணின் உடம்பில் பிறந்ததா, ஆளுகிறவன் வாயில் பிறந்ததா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். இந்த அடையாறுக்கு அடுத்த கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில், 2005-ல் மாணவர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கையில்லாத சட்டையும் போடக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். இயந்திர சாஸ்திரம் கற்பிக்கிற இடத்தில் தையற்காரன் வேலையும் சேர்ந்துகொண்டது. 2015 கடைசியில் மதுரை ஐக்கோர்ட் கிளை கோவில்களுக்கு உடை விதி வகுத்தது. பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, மேல்துணியோடு சுடிதார் என்று ஜாபிதா. 2016 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்து, அதே மாதத்தில் தடை செய்யப்பட்டது. கபாலீசுவரர் கோவிலுக்குப் போகிறவர்களைக் கேட்கிறேன்: எல்லாம் அறிந்த சாமி என்கிறீர்களே, அந்தச் சாமிக்கா பக்தையின் கால்சட்டை கண்ணை உறுத்துகிறது?

ஆண்களுடைய உடைக்கு ஒரு சங்கடம் வந்தால் என்ன நடக்கிறது? 2014 ஜூலையில் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த ஐக்கோர்ட் நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டந்தான்; நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேட்டிக்கு வந்த ரோஷம் பெண்ணின் உடைக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

2015 மார்ச்சில், தாலி பெண்களுக்கு அவசியமா என்று விவாதம் நடத்த ஒரு தமிழ் டெலிவிஷன் ஏற்பாடு செய்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே கலாட்டா. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்த அதன் ஆபீசின் மேல் டிபன் பாக்ஸ் குண்டு வீச்சு. ஆகவே முஸ்லிம் பெண்ணின் முக்காட்டைக் கண்டு சிரிக்கிற நம் ஹிந்து சகோதரர்கள், முதலில் தங்கள் வீட்டுக் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஆண் இன்னாருக்குக் கணவன் என்று காட்டக் கயிறுண்டா? துணியுண்டா?

இப்பொழுது உடுப்பி விஷயத்துக்கு வருகிறேன். 2021 கடைசியில் அங்கே ஒரு சர்க்கார் கல்லூரியில் தலைத்துணி போட்ட பெண்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறகு மற்றக் கல்லூரிகளில் சில மாணவர்கள் காவித் துண்டோடு எதிரில் வந்து நின்றார்கள். 2022 மார்ச் 15-ல் கர்நாடக ஐக்கோர்ட், ஹிஜாப் மதத்துக்கு இன்றியமையாததல்ல என்றது. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணின் படிப்பே முக்கியம் என்று எடுத்துக் காட்டினார். அதே வருஷம் பிப்ரவரியில் நம் மதுரை மேலூரில், தலைத்துணியோடு ஓட்டுப் போட வந்த பெண்ணை ஒரு கட்சி ஏஜெண்டு தடுக்கப் பார்த்தார். மற்றவர்கள் ஆட்சேபிக்கவே அவரைத்தான் வெளியேற்றினார்கள். அது தமிழ்நாட்டுக்கு மரியாதை.

"நீங்கள் பகுத்தறிவுக்காரர்கள் ஆயிற்றே, முக்காட்டை ஆதரிக்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. பெண்ணைப் பார்த்தால் ஆணுக்குப் புத்தி கெடும், ஆகவே பெண் மூடிக்கொள்ள வேண்டும் என்பது திருடன் வருவான் என்று வீட்டுக்காரனைச் சிறையில் வைப்பது போன்ற நியாயமாகும். ஆனால் அந்த அறியாமை போலீஸ் தடியால் போகாது. ஈரானில் 1936-ல் அரசர் உத்தரவால் போலீஸ்காரன் பெண்ணின் முக்காட்டை இழுத்தான். அதே ஈரானில் 2022 செப்டம்பரில், முக்காடு சரியாக இல்லை என்று போலீசார் பிடித்துப்போன மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் காவலில் இருக்கும்போதே உயிர் விட்டாள். இழுக்கிற கையும் மூடுகிற கையும் போலீஸ் கைதான், அகப்பட்டவள் பெண்தான்.

"அவளாகவே விரும்பிப் போடுகிறாள்" என்பதுதான் கடைசி வாதம். விருப்பம் என்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும். அந்தத் துணியை அவள் எடுத்துவிட்டால், வீட்டுச் சோறும் கல்யாணமும் ஜமாத்தின் மரியாதையும் போகாமல் இருக்குமா? அதை அவள் போட்டுக்கொண்டால், படிப்பும் வேலையும் ஓட்டும் போகாமல் இருக்குமா? இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வருகிற இடத்தில்தான் விருப்பம் என்ற சொல்லுக்கு அர்த்தமுண்டு. இதே கேள்வியைப் புடவைக்கும் தாலிக்கும் போடுங்கள். மேடையில் அரைத்துணியோடு நடக்கிற மாடல் பெண்ணுக்கும் போடுங்கள்: மாட்டேன் என்று சொன்னால் அவளுக்கு அடுத்த நாள் கூலி உண்டா?

ஆகையால் தோழர்களே, முக்காட்டை எடு என்று கட்டளையிடுவதும், போடு என்று கட்டளையிடுவதும் நமது வேலையல்ல. பெண்ணைப் படிக்க வையுங்கள். வகுப்புக்கு வருகிற எந்தப் பெண்ணையும் துணியைக் காட்டி வாசலில் நிறுத்தாதீர்கள். சொத்தில் பங்கும், கையில் சம்பாத்தியமும் அவளுக்கு இருக்கட்டும். பிறகு எந்தத் துணி வேண்டும், எது வேண்டாம் என்று அவளே முடிவு செய்வாள். அந்த முடிவு நமக்குப் பிடிக்காமற்கூட இருக்கலாம். பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை.

நான் சொன்னவற்றை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் பெண்டு பிள்ளைகளிடம் இந்த இரண்டு கேள்விகளையும் போட்டு, அவர்கள் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள்.