கப்பலிற் சென்று கண்ட மூன்று துறைகள்

(ஓசூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபொழுது நம் செயலாளர் அவர்கள் எம் கையைப் பற்றிக்கொண்டு, "கப்பலேறி இலங்கைக்குப் போய் வந்தீராம், அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சபையிற் சொல்லாதிருப்பது முறையோ?" என்று வினவினார்கள். சொல்லாதிருந்தது உண்மையே. பள்ளியாசிரியன் ஒருவன் மனைவியோடு உல்லாசக் கப்பலேறினான் என்றால், நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு செலவாயிற்று?" என்பதாம். அவ்வினாவுக்கு அஞ்சியே வாய் மூடி இருந்தோம். கணக்கு வேண்டுவோர் கூட்டம் முடிந்தபின் எம்மைத் தனியே கேட்கலாம். இங்கே சொல்லப் புகுவது வேறு செய்தி.

ஐரோப்பாவிலே வயது முதிர்ந்த தம்பதிகள் ஆண்டுக்கொருமுறை கப்பலேறி, ஸ்பெயின் தேசத்துப் பழந்துறைகளிற் பகற்பொழுதில் இறங்கி ஊர் பார்த்து, மாலையில் மீண்டும் கப்பலேறிச் செல்வது வழக்கம். பினீசியர் நிறுவியதும், 1493-ஆம் ஆண்டிற் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்துக்குப் பாயெடுத்ததுமாகிய காதிஸ். மூர்களின் கோட்டையும் அதனடியில் உரோமரின் அரங்கும் ஒருங்கே நிற்கும் மாலகா. மண்ணில் மறைந்து கிடந்த உரோம அரங்கம் 1988-இல் வெளிப்பட்ட கார்த்தகேனா என்னும் இவையெல்லாம் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். நமக்கோ கடலே எட்டாக்கனி. ஓசூரிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் மலையும் பாறையும் ஆலைப்புகையும் அன்றிக் கடலைக் காண்பதற்கு நெடுந்தூரம் போதல் வேண்டும். எம் மனைவியார் பிறந்தது கிருஷ்ணகிரியில். 1958-இல் திறக்கப்பெற்ற அணையின் நீர்ப்பரப்பே அவர் இளமையிற் கண்ட கடல். அவ்வணையை விட்டு ஓடும் தென்பெண்ணை கடலூரை அடுத்துக் கடலிற் கலக்கின்றது என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்த யாம், அது கலக்கும் கடலில் ஒரு நாளும் சென்றதில்லை.

2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைத் துறைகளுக்கு உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கி வைக்கப்பெற்றது. கப்பலின் பெயர் எம்பிரஸ். அது 1990-இல் பிரான்சு தேசத்துச் சேன்-நசேர் என்னும் ஊரிற் கட்டப்பெற்றது. இதில் ஒரு வியப்புண்டு. இதே கப்பல் 2008 முதல் 2016 வரை புல்மந்தூர் என்னும் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனிக்காக ஓடிற்று. அன்று ஸ்பானியர் சாய்ந்து நின்ற கைப்பிடிச் சட்டத்தில் இன்று கிருஷ்ணகிரிப் பெண்மணி ஒருவர் சாய்ந்து நின்று அலையை எண்ணினார். கப்பலினுள் ஆடலும் பாடலும் சூதும் பலவகை உணவும் உள. முதல்நாள் இரவு எமக்குத் தலைசுற்றலே உணவாயிற்று. ஆதலால் அவற்றைப்பற்றிச் சான்று பகரத் தகுதியில்லேம்.

முதற்றுறை அம்பாந்தோட்டை. அங்கே உப்பளங்களும், 2017-இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனக் கம்பெனியிடம் விடப்பெற்ற பெருந்துறைமுகமும் உள. வெயில் மிகுதி. அதைக் கடந்து செல்வோம்.

இரண்டாவது திருக்கோணமலை. ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பெற்ற தலம். கடலுக்குள் நீண்டு, செங்குத்தாக வீழும் பாறையின் உச்சியில் கோணேசர் கோயில் உள்ளது. கீழே எட்டிப் பார்த்த எம் மனைவியார் எம் சட்டையைப் பற்றியவர் மீண்டும் விடவேயில்லை. அங்கே நின்ற பழங்கோயிலை 1620-களிற் போர்த்துக்கீசியர் இடித்து, அக்கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினர். இடிபட்ட கோயிலின் துண்டங்கள் கடலடியிற் கிடப்பதை ஆர்தர் கிளார்க்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் 1956-இல் மூழ்கிக் கண்டனர். இப்பொழுதுள்ள கோயில் 1963-இற் குடமுழுக்குப் பெற்றது.

கோட்டை வாயிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று தேய்ந்து நிற்கின்றது. மீன் உருவமும் உண்டு. பண்டிதன் என்று பெயர் படைத்த யாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டுங்கால், கோட்டைக்குள் திரியும் புள்ளிமானொன்று எம் மனைவியாரின் கையிலிருந்த பழத்தைப் பறித்துச் சென்றது. அக்கல்லைவிட அம்மானே அவர் நினைவில் நிற்கின்றது போலும்.

இக்கோட்டையிற் பழைய வீடொன்றைக் காட்டி, "இங்கே வெல்லெஸ்லி தங்கினார்" என்றனர். உடனே எமக்கு நம் இராயக்கோட்டை நினைவு வந்தது. 1799-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திப்புவின்மேற் படையெடுத்த ஆங்கிலச் சேனை இராயக்கோட்டை வழியாகவே மைசூர் எல்லையுட் புகுந்தது. அச்சேனையில் ஒரு பிரிவை நடத்தியவன் ஆர்தர் வெல்லெஸ்லி. நம் ஊர்ப் புழுதியை மிதித்த அவன், 1800-ஆம் ஆண்டின் இறுதியில் இத்துறையிற் படைதிரட்டி நின்றான். பின்பு பம்பாய்க்குச் சென்று நோய்வாய்ப்பட்டமையால், தான் ஏறவேண்டியிருந்த சூசன்னா என்னும் கப்பலில் ஏறாதொழிந்தான். அக்கப்பல் கடலில் மூழ்கிற்று. கப்பலைத் தவறவிட்ட அவனே 1815-இல் வாட்டர்லூக் களத்தில் நெப்போலியனை வென்றான். இக்கதையை யாம் விரித்துரைக்க எம் மனைவியார் ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அதனைக் கொண்டே எம்மை மடக்குவார் என்று அப்பொழுது யாம் அறிந்திலேம்.

மூன்றாவது துறை காங்கேசன்துறை. முருகன் திருவுருவம் வந்திறங்கியமையால் துறைக்கு இப்பெயர் வாய்த்தது என்பர். போர்க்காலத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்திய அரசின் உதவியால் அகற்றியபின்னரே துறை மீண்டும் பயன்பட்டது. காலையில் இறங்கியவுடன் எம்மையெல்லாம் பேருந்துகளில் ஏற்றினர். கீரிமலையிற் கடலுக்கும் நன்னீர்க் கேணிக்கும் இடையே ஒரு சுவரே உண்டு. அப்புறம் உவர், இப்புறம் இனிப்பு. பிறகு நல்லூர்க் கந்தசாமி கோயில். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 1621-இல் அழித்தனர். இப்பொழுதுள்ளது ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது. 1822-இல் ஆறுமுக நாவலர் பிறந்த ஊர் அது. வீதி மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். எம் ஆசிரியர்க்கு ஆசிரியர் பிறந்த மண்ணன்றோ!

இனிச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

எம் மாமனார் தமிழாசிரியர். சிலர் அவரிடம் படித்தவர்களாக இவ்வவையிலேயே இருக்கின்றீர்கள். தெலுங்கும் கன்னடமும் தெருவெங்கும் ஒலிக்கும் இவ்வெல்லையிலே, தாய்மொழி வேறாகிய பிள்ளைகளுக்கும் தொல்காப்பியச் சூத்திரங்களைப் பாட்டாகப் பாடவைத்தவர். அவரிடம் பழைய நூலொன்று இருந்தது. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் ஆய்ந்து குறிப்பெழுதிய தொல்காப்பிய எழுத்ததிகாரம், நச்சினார்க்கினியர் உரை, 1937-இற் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சானது. சென்னை மூர் மார்க்கெட்டில் தம் இளமையில் வாங்கியதாகச் சொல்வார். அதன் ஓரங்களிலெல்லாம் பென்சிலால் அவர் எழுதிய ஐயங்கள். சிலவற்றுக்கு விடையும் அவரே எழுதியிருக்கின்றார். சிலவற்றுக்கு வினாக்குறி மட்டும் உண்டு.

1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. எரிவதைக் கண்ட தாவீது அடிகள் என்னும் பன்மொழிப் புலவர் அதிர்ச்சியால் உயிர்நீத்தார் என்பர். அக்கட்டடத்துக்கு வரைபடம் அமைத்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். நூலக அமைப்பு முறைக்கு அறிவுரை நல்கியவர் நூலகவியல் மேதை அரங்கநாதன். ஆதலால் எரிந்ததில் நம் பங்கும் உண்டு. செய்தியைக் கேட்ட எம் மாமனார் அந்த எழுத்ததிகாரத்தைச் சிவப்புத் துணியிற் சுற்றி, "இது போகவேண்டிய இடம் அது" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். போர் மூண்டது. அனுப்ப வழியில்லை. துணிப்பொதி அங்கேயே இருந்தது. அவரும் மறைந்தார்.

அப்பொதியை எம் மனைவியார் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததை யாம் அறியோம். நல்லூரினின்று பேருந்து புறப்பட்டபின்னரே மடியிலெடுத்து வைத்தார்.

அன்று யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஒதுக்கப்பெற்ற நேரம் சிறிதே. நூலகத்தைச் சாலையிலிருந்தே காட்டிச் செல்வர் என்று வழிகாட்டி சொன்னார். யாமோ கோட்டையைக் காணவேண்டும் என்று மாதக்கணக்கிற் படித்துக் குறிப்பெடுத்து வந்தவன். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் அரசன் ஒருவனே. 1619-இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்து இக்கோட்டை எழுந்தது அந்த ஸ்பானிய மன்னனின் ஆட்சியிலேதான். ஆகவே இத்துறைகளும் ஒருவகையிற் பழைய ஸ்பானியத் துறைகளே என்று இச்சபையில் ஒருநாள் முழங்கவேண்டும் என்பது எம் எண்ணம். 1658-இற் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய அரண்களை அளந்து பார்க்கவும் ஆசை. யாம் சொன்னோம்: "கோட்டையை விட்டால் மீண்டும் காண்போமா? நூலை ஊர் சென்றபின் அஞ்சலில் அனுப்பலாமே."

அவர் சொன்னார்: "அஞ்சலில் அனுப்பலாம் என்றுதான் அப்பாவும் வைத்திருந்தார்."

யாம் வாய்திறக்கவில்லை. பேருந்து கோட்டையருகே நின்றதும் அவர் இறங்கி நூலகத்தை நோக்கி நடந்தார். பின்சென்றோம். "தாமதமானால் கப்பல் போய்விடுமே" என்றோம். "போனால் நீங்களும் வெல்லெஸ்லி ஆகிவிடுவீர்கள்" என்றார். சினத்தோடு சொன்னாரா, சிரித்துச் சொன்னாரா என்று இன்றுவரை துணிய முடியவில்லை.

மீண்டும் கட்டி எழுப்பப்பெற்ற நூலகம் வெண்மையாக, முன்றிலிற் கலைமகள் சிலையோடு நிற்கின்றது. வாயிலில் இருந்தவரிடம் செய்தியைச் சொல்ல, உள்ளே அழைத்துச் சென்றார். மேசையருகே இளம்பெண் ஒருவர். துணியை அவிழ்த்து முதல் ஏட்டைப் பார்த்தவர், "அம்மா, இது எங்கட சுன்னாகத்து அச்செல்லோ!" என்றார். அவ்வழியேதான் காலையிற் பேருந்தில் வந்தோம். பேச்சு மும்முரத்தில் சுன்னாகம் கடந்ததை யாமிருவரும் கவனிக்கவில்லை.

அவர் ஓரக்குறிப்புகளைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். ஓரிடத்தில் நின்று, "இந்த ஐயத்துக்கு விடை எழுதேல்லையே, ஐயா?" என்று எம்மைக் கேட்டார். குற்றியலிகரத்தைப் பற்றிய ஐயம். இருபது ஆண்டு அதையே கற்பித்துவரும் எம்மால் அக்கணத்தில் விடை சொல்ல இயலவில்லை. எம் மனைவியார், "எழுதி அனுப்புவார்" என்று எமக்காக வாக்களித்தார். பெயரேட்டில் எம் மாமனாரின் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னார்கள். "கிருஷ்ணகிரி" என்று எழுதுங்கால் அவர் கை சற்று நடுங்கிற்று. பிறகு துணியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பேருந்து எமக்காகவே காத்திருந்தது. உள்ளிருந்தோர் எம்மை நோக்கிய நோக்கை வருணிக்க வேண்டா. கோட்டையை யாம் கண்டது பேருந்தின் பலகணி வழியே, ஏறக்குறைய ஒரு நிமிடம். கப்பலுக்கு உரிய நேரத்திற் சென்று சேர்ந்தோம்.

அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சிறு பயணிகள் கப்பலொன்று ஓடத் தொடங்கியது. அதில் ஆடம்பரமில்லை, சில மணி நேரத்திற் கரை சேர்க்கும். அது இடையிடையே நின்றும் ஓடியும் வந்துள்ளமையால், செல்ல எண்ணுவோர் முன்னரே விசாரித்துக்கொள்ளல் நன்று. குற்றியலிகர ஐயத்துக்கு விடை எழுதி அஞ்சலில் அனுப்பினோம். அனுப்புமுன் மூன்றுமுறை கிழித்தெழுதினோம்.

இனி ஒரு விண்ணப்பம். அப்பெண் எம்மிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "மற்றப் பாகங்களும் உங்களிட்ட இருக்கோ?" என்பது. அதே கணேசையர் பதிப்பில் 1938-இற் சுன்னாகத்தில் அச்சான சொல்லதிகாரம், சேனாவரையர் உரை, எம் மாமனாரிடம் இருந்தது. அதிலும் அவர் ஓரக்குறிப்பு எழுதியிருக்கின்றார். வித்துவான் தேர்வுக்குப் படிக்கவென்று மாணவர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர் என்பது மட்டும் எம் மனைவியாருக்கு நினைவு. அவர் தேர்ந்தாரா என்று தெரியவில்லை. நூல் மட்டும் திரும்பவில்லை. இச்சங்கத்தார் வீட்டுப் பரண்களில், பாட்டனார் பெட்டியில், பழுப்பேறிய தடித்த நூலொன்று பென்சிற் குறிப்புகளோடு கிடக்குமாயின், அருள்கூர்ந்து செயலாளர் அவர்களிடம் ஒப்படையுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று யாம் கேட்கமாட்டோம். சிவப்புத் துணி எம் வீட்டில் ஆயத்தமாக இருக்கின்றது.