தாழ்ப்பாள் சிறிது, காவல் பெரிது



நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே உங்கள் வீட்டுக் கதவுகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வாசற்கதவு, பின்கதவு, குளியலறைக் கதவு, துணி அலமாரி, சமையற்கட்டு அலமாரி. இவற்றுள் எத்தனை ஒழுங்காகச் சாத்திக்கொள்கின்றன? எத்தனை கயிற்றாலும் ரப்பர் வளையத்தாலும் மடித்துச் செருகிய காகிதத்தாலும் நிற்கின்றன? தோட்டத்து லயமானாலும், தோட்டத்தை விட்டுக் குடிபோன மலிவு விலை வீடானாலும், இந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இருக்காது. கதவு உடைந்தால் உடனே பார்க்கிறோம். தாழ்ப்பாள் உடைந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒரு கயிற்றைக் கட்டிவிடுகிறோம்.

அந்த நாளை எப்படி வந்து சேரும் என்பதற்கு எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுவன் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வந்தது. நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் மாலையில் போய்ப் பார்த்தோம். வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில், தண்ணீர்ப் புட்டி ஒன்றில் மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார்கள். அலமாரிக் கதவின் கொக்கி போய்விட்டது. ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். விளையாடிக் களைத்து வந்த பையன் அதைக் கழற்றிவிட்டு, தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டான். பதறிப்போனவர்கள் அவனை வாந்தி எடுக்க வைக்க முயன்றார்கள். நல்ல வேளையாக, முன்பு தோட்டத்து மருத்துவமனையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து தடுத்தார். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போவதே முறை.

பையன் பிழைத்துக்கொண்டான். அவன் தாயார் எங்களிடம் சொன்னதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. "சார், அந்தக் கொக்கி போயி நாலு மாசமாச்சு. நானும் டவுன் கடையில ரெண்டு வாட்டி கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

அடுத்த வாரம் அந்த அம்மாவுடன் நாங்களும் அதே கடைக்குப் போனோம். அவர் முன்பு கேட்டது எப்படித் தெரியுமா? இரண்டு விரலை மடக்கிக் காட்டி, "தவுக்கே, கதவுக்குப் போடுவாங்களே, அது" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் மேல் தவறு சொல்ல முடியுமா? சுவர் நிறைய அவர் மாட்டி வைத்திருந்தவை அத்தனையும் "கதவுக்குப் போடுவது"தான்! பொருள் கடையில் இருந்தது. கேட்கும் வழிதான் நம்மிடம் இல்லை. அந்த வழியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதல் விதி: உடைந்ததை எறியாதீர்கள். அதுதான் கடைக்குக் கொண்டு போக வேண்டிய சீட்டு. எந்தத் தாழுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கதவில் இருக்கும். மற்றொன்று சட்டத்திலோ அலமாரியின் உட்புறத்திலோ இருக்கும். இரண்டையும் கழற்றி, திருகாணிகளோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கைவேலைப் பாடம் நடத்தியவர், "கழற்றிய ஆணி குவளைக்குள் போன பிறகுதான் அடுத்த ஆணியைத் தொட வேண்டும்" என்பார். வீட்டுக்கும் அது நல்ல பழக்கம்.

பழையது தொலைந்து போயிருந்தால், அது இருந்த இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேயுங்கள். ஆணித் துளைகள் காகிதத்தில் பதியும். ஒரு துளையின் நடுவிலிருந்து மறு துளையின் நடுவரை எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகளின் அடிக்கோலால் அளந்து எழுதுங்கள். கதவுப் பலகையின் கனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் அங்குலத்தில் சொன்னால், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். இந்த அளவு எடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். அதுவும் ஒரு கணக்குப் பாடம்தான்.

இரண்டாவது, பெயர் தெரிய வேண்டும். வாசற்கதவிலும் குளியலறைக் கதவிலும் இழுத்துத் தள்ளும் கம்பி இருக்கிறதே, அது தாழ்ப்பாள். மலாயில் 'செலாக்' என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். கதவு திரும்பி ஆடுவதற்கு உள்ளது கீல், மலாயில் 'எங்செல்'. பூட்டு மாட்டுவதற்கு மடங்கி வரும் பட்டை கொண்டி. அது போய் மாட்டிக்கொள்ளும் வளையம் நாதாங்கி. 

அலமாரிகளில் உள்ளவை வேறு. காந்தம் வைத்துக் கதவில் உள்ள சிறு தகட்டைப் பிடித்துக்கொள்வது ஒரு வகை. அதைக் கடையில் 'மேக்னட் கேட்ச்' என்பார்கள். இரண்டு சிறு உருளைகளுக்கு நடுவே ஒரு நாக்கு போய் அழுந்தி நிற்பது இன்னொரு வகை. அது 'ரோலர் கேட்ச்'. குமிழைத் திருகினால் திறக்கும் அறைக் கதவென்றால், உள்ளே நாக்குள்ள ஒரு குழல் இருக்கும். அதை மாற்றும்போது, கதவின் விளிம்பிலிருந்து குமிழ் நிற்கும் துளையின் நடுவரை அளந்து செல்லுங்கள். பெரும்பாலும் 60 அல்லது 70 மில்லிமீட்டர் இருக்கும். இந்த ஓர் அளவு மாறினால் வாங்கி வந்தது பொருந்தாது.

மூன்றாவது, காசு கொடுக்கும் முன்னே ஒரு கேள்வி: உண்மையில் கெட்டது தாழ்தானா? பல வீடுகளில் தாழ் நன்றாகவே இருக்கும். கீலின் ஆணி தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். அல்லது மழைக் காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும். நாக்கின் நுனியில் கொஞ்சம் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். துளைக்கு மேலேயோ கீழேயோ வெள்ளைத் தடம் விழுந்தால், குற்றவாளி தாழ் அல்ல, கீல்தான். கீலின் ஆணிகளை முறுக்கிய பிறகு மறுபடியும் சாத்திப் பாருங்கள். பாதி வீடுகளில் செலவு அங்கேயே நின்றுவிடும்.

ஆணித் துளை தேய்ந்து, திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? தீக்குச்சிகளின் மருந்து முனையை ஒடித்துவிட்டு, மரப் பசையில் தோய்த்து, துளைக்குள் இறுகச் செருகுங்கள். ஒருநாள் காயவிட்டு, மிஞ்சி நிற்பதை அறுத்துவிட்டுத் திருகுங்கள். ஆணி மறையில் கொஞ்சம் சோப்பைத் தடவினால் இலகுவாக இறங்கும். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் இந்த வைத்தியம் எடுபடாது. அது தண்ணீர் பட்டால் ஊறி உதிர்ந்துவிடும். அங்கே உட்புறத்தில் நல்ல மரத்துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் தாழைப் பொருத்துங்கள். தண்ணீர் புழங்கும் இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணியையே கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு ஆணி துருவேறி, அடுத்த முறை கழற்றும்போது தலை மட்டும் கையோடு வரும்.

காந்தத் தாழைப் பொருத்தும்போது, காந்தத்தை முதலில் அலமாரியின் உட்புறத்தில் பொருத்துங்கள். அதன் ஆணித் துளை நீளவாக்கில் இருக்கும். முன்னும் பின்னும் நகர்த்துவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பிறகு தகட்டைக் காந்தத்தின் மேலேயே ஒட்டவிட்டுக் கதவைச் சாத்தி, தகடு தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆணி அடியுங்கள். இடம் தவறாது.

நேயர்களே, இனிச் சொல்வதுதான் முக்கியம். காந்தமும் உருளையும் கதவு தானே திறந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பிள்ளையின் கையைத் தடுக்காது. மூன்று வயதுக் குழந்தை இழுத்தாலே திறந்துவிடும். ஆகவே மருந்து, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, கழிவறை கழுவும் திராவகம் ஆகியவை இருக்கும் அலமாரிக்குக் கதவின் மேல் முனையில், பெரியவர் கை மட்டும் எட்டும் உயரத்தில், கொக்கியும் வளையமும் போடுங்கள். சிறு கொண்டி வைத்துப் பூட்டினால் இன்னும் நல்லது. குடிதண்ணீர்ப் புட்டியில் வேறு எதையும் ஊற்றி வைக்காதீர்கள். புல் மருந்தை வீட்டுக்குள் கொண்டு வரவே வேண்டாம். தோட்டங்களில் பலகாலம் பயன்பட்ட பாராகுவாட் என்ற புல் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்காவது மூலையில் கிடந்தால், அதைத் திறக்காமல், பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

வாசற்கதவைப் பற்றியும் ஒரு சொல். விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோர் சிலர், தூங்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தீப்பிடித்தால் அந்தப் பூட்டு காவலாகுமா? உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டக் கூடாது. சிறு பிள்ளைகளை வீட்டுப் பெரியவரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் காவல்.

தோட்டம் கொடுத்த வீடு என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளை நல்ல நிலையில் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. வாசற்கதவும் குளியலறைக் கதவும் கெட்டால் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆனால் நாம் வாங்கிய அலமாரியின் கொக்கிக்கு யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சில வெள்ளியில், ஒரு திருப்புளியோடு, அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது.

அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். அவன் வீட்டு அலமாரியின் மேல் முனையில் இப்போது ஒரு கொக்கி இருக்கிறது. அவன் தாயார் தாமே அளந்து, தாமே கேட்டு வாங்கி, தாமே பொருத்தியது. "இப்ப அடுத்த வீட்டுக்காரங்களும் என்னையத்தான் கூப்பிடுறாங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்று இரவு படுக்கப் போகும்முன் உங்கள் வீட்டுக் கதவுகளைச் சுற்றிப் பாருங்கள். கயிறு கட்டிய கதவு ஒன்றாவது இருந்தால், அதன் பழைய தாழைத் தேடி எடுத்து, நாளைக் காலை கடைக்குப் போகும் பையில் போட்டு வையுங்கள்.