மீட்டரில் தெரியாத செல்

கோபிசெட்டிபாளையத்துக்கு வடக்கே மலையேறினால் ஒரு பக்கம் கடம்பூர், இன்னொரு பக்கம் பர்கூர். காட்டுக்குள் மின்கம்பம் நடுவது லேசான காரியம் இல்லை. அதனால் அங்கே சில குடியிருப்புகளுக்கு சோலார் விளக்கே கதி. கீழே சமவெளியிலும் 2012 மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் குடியேறியது. இரண்டிலும் முதலில் கைவிடுவது பேட்டரிதான். பேனல் இருபது வருடம் தாண்டியும் உழைக்கும். விளக்கு சீக்கிரம் அணைய ஆரம்பித்ததும் "பேட்டரி போச்சு" என்கிறோம். பல நேரம் அது விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பு.

வோல்ட் மீட்டர் 12.4 காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நேர் எதிராகச் சொல்பவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஆசிட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. டியூபுலர் பேட்டரியில் முழு சார்ஜ் ஏறியதும் ஆசிட்டின் கிராவிட்டி, அதாவது அடர்த்தி, பொதுவாக 1.240-ஐ ஒட்டி நிற்கும். அப்போது ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.08 வோல்ட். ஐந்து செல்கள் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் 1.180-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். மொத்தத்தில் 12.48 இருந்த இடத்தில் 12.42. யார் கண்ணில் படும்? ஆனால் மின்சாரம் ஆறு செல்லையும் கடந்துதான் வர வேண்டும். அந்த ஒன்று தீர்ந்துவிட்டால் மற்ற ஐந்தில் மிச்சம் இருப்பது விளக்குக்கு உதவாது. செல் செல்லாக, அந்த அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் குட்டு உடனே வெளிப்படும். ஆறும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் கதை வேறு: சார்ஜ் போதவில்லை. பேனலில் தூசி, மரநிழல், பூத்துப்போன டெர்மினல் என்று தேட வேண்டும். தேடாமல் புதுப் பேட்டரி வாங்கி வைத்தால், அதுவும் அரைகுறை சார்ஜிலேயே கிடந்து, தகடுகளில் சல்பேட் இறுகிக் கெட்டுப்போகும்.

இது மெக்கானிக் வேலை, நமக்கு வராது என்பார்கள். பால் சொசைட்டியில் லேக்டோமீட்டர் மிதப்பதைப் பார்த்துப் பாலின் தரம் பேசுகிற நாட்டில் இதை எப்படி ஏற்பது? ஹைட்ரோமீட்டரும் அதே தத்துவம்தான், பாலுக்குப் பதில் ஆசிட். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும், பீடி கூடாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு அளக்கவும் கூடாது, மேலே நிற்கிற தண்ணீரைத்தான் அளப்பீர்கள்.

லித்தியம் வந்துவிட்டதே, அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற கண்காணிப்புச் சர்க்யூட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும், உண்மை. ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் பாதிக்கு மேல் தீர்ந்தும் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். திரையில் தெரியும் சதவீதம், ஏறியதையும் இறங்கியதையும் கூட்டிக் கழித்த கணக்கு. இடையிடையே முழு சார்ஜ் ஏறாவிட்டால் அது தடம் மாறிவிடும். எந்தப் பேட்டரியானாலும் முழுசாக ஏற்றி, அதே விளக்கு, அதே ஃபேனைப் போட்டு, கட் ஆகும்வரை எத்தனை மணி நேரம் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். புதிதில் பத்து மணி நேரம் நின்றது எட்டுக்கு வந்தால் கொள்ளளவு 80 சதவீதம். பேட்டரியின் ஆயுள் முடிவதாகப் பொதுவாக வைத்திருக்கும் எல்லை அது. அடியோடு இறக்கினால் ஆசிட் பேட்டரியின் ஆயுள் குறையுமே என்றால், சரிதான். வருடத்துக்கு ஒருமுறை போதும், கட் ஆனதும் சார்ஜில் போட்டுவிட வேண்டும். ஐப்பசியில் மலைமேல் மேகம் கட்டிக்கொண்டால் திரும்பச் சார்ஜ் ஏற வெயில் கிடைக்காது, இந்தச் சோதனையைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.